பதினெட்டாவது கார்க்கு

மனுஷன் பேச்சுக்கு நான் போட்ட விலை மைலுக்குப் பன்னிரண்டு நயா பைசா. பெட்ரோல், டயர் தேய்மானம், என் முதுகுவலி எல்லாம் அதில் அடக்கம். பழைய கணக்கில் இரண்டணா. இரண்டணா என்றால் பன்னிரண்டரை வரவேண்டும், அரைப் பைசாவைச் சர்க்காருக்காக விட்டுக்கொடுத்தேன். அந்த விலைக்கு அசரியா சார் பதினொரு மாதம் என் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து என் வலது காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார். அவர் போன பிறகு விசாரித்துப் பார்த்தேன். அந்தச் சரக்கு சித்தூர் பஜாரில் எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் இல்லை.

எங்களுடையது வெல்ல மண்டிக் குடும்பம். பேரம் பேசத் தெரியாத பிள்ளைக்கு எங்கள் வீட்டில் சோறு போடுவார்கள், மரியாதை போடமாட்டார்கள். என் நைனாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வருஷக் கடைசியில் குடியானவர்கள் கணக்குத் தீர்க்க வந்தால் முழுசாக வாங்கமாட்டார். நாலணாவைத் திருப்பித் தள்ளி, இது இருக்கட்டும், அடுத்த தபா குடு என்பார். முழுசாகத் தீர்ந்த கணக்கு கருமாதிக் கணக்கு என்பது மண்டிக்காரர்கள் நம்பிக்கை. ஒரு சின்ன பாக்கி இருக்கிறவரை அந்த ஆள் நம் வாசலைத் தாண்டிப் போகும்போது ஒருமுறையாவது எட்டிப் பார்ப்பான். நைனா செத்ததும் என் அண்ணன் ஆதிநாராயணன் பாகம் பிரித்து, ஒரு பைசா மிச்சம் வைக்காமல் என் பங்கை எண்ணிக் கொடுத்துத் தீர்த்தான். பதிமூன்று வருஷம் ஆகிறது. மண்டிக்கும் என் வீட்டுக்கும் நடுவில் எட்டே கடைகள். அவன் எட்டிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அந்தப் பங்கில்தான் மோட்டார் சைக்கிளை வாங்கினேன். சண்டை முடிந்து ராணுவம் ஏலம் விட்ட வண்டி. மணலுக்கும் மேட்டுக்கும் பிறந்தது, தார் ரோட்டில் விட்டால் முனகும். வரப்பில் ஏறும், ஓடையில் இறங்கும், எருமை படுத்திருந்தால் மட்டும் நிற்கும். மண்டிக்காரர்கள் கொடுக்கும் வெல்ல மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு திருப்பதிக் கடைகளுக்குப் போய்க் காட்டி ஆர்டர் வாங்கி வருவது என் பிழைப்பு. நாற்பத்து மூன்று மைல். போகும்போது வெல்லம் பேசாது, வரும்போது ஆர்டர் சீட்டு பேசாது. மனைவி ரத்தினம்மா போய் ஆறு வருஷம், குழந்தை இல்லை. வீட்டில் சத்தம் போடுகிறவை இரண்டு: கதவு, அப்புறம் அரிசி டின்னைச் சுரண்டும் எலி. எலியும் நடுவில் ஒருநாள் காணாமல் போயிற்று.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம் அசரியா சார் என் வாசலுக்கு வந்தார். கலெக்டர் ஆபீஸில் கிளார்க்கு. ஐம்பது வயது, ஒல்லி, கண்ணாடி, வயிற்றுக்குள் புண். எல்லைத் தகராறு ஒருவழியாக ஓய்ந்து, எந்தக் கிராமம் ஆந்திராவில் இருக்கும், எது மெட்ராஸுக்குப் போகும் என்பதெல்லாம் காகிதத்தில் முடிவாகியிருந்தது. ஆனால் அந்தந்தக் கிராமத்துக் காகிதங்கள் ஊர்க்கணக்கு எழுதுகிற கர்ணம் வீட்டுப் பரண்களில் கரையானோடு கிடந்தன. ஊர் ஊராகப் போய் அவற்றைச் சரிபார்த்து, பட்டியல் போட்டு, கட்டுக் கட்டி அனுப்புவது அவர் வேலை. ஜீப்பு பெரிய அதிகாரிகளுக்கு. பஸ்ஸு அந்த ஊர்களுக்கு இல்லை. ஆக, நான்.

முதல் நாளே என் டூல் பாக்ஸை வாசலில் கவிழ்த்தார். நான் அவருக்குக் காப்பி வாங்கி வரப் போய்த் திரும்புவதற்குள் ஸ்பேனர், பம்பு, பஞ்சர் சாமான், கயிறு என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கார்பன் வைத்து இரண்டு படி. சர்க்கார் வாடகைக்கு எடுக்கிற வண்டி, நாளைக்கு ஒரு சாமான் காணோம் என்றால் அவர்தான் ஜவாப்தாரி என்றார். கீழே கையெழுத்து வாங்கினார். இங்கிலீஷில் இருந்தது, படிக்காமல் போட்டேன். விலை எழுதாத காகிதத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் படித்ததில்லை.

வண்டி ஓடும்போது பேசவேண்டுமானால் எல்லோரும் கத்துவார்கள். அவர் கத்தமாட்டார். தலையை முன்னால் நீட்டி, என் வலது காதுக்கு ஒரு ஜாண் தூரத்தில் வாயை வைத்து, ஃபைல் படிக்கிற மாதிரி நிதானமாகச் சொல்லிக்கொண்டே வருவார். இடது காதுக்குக் காற்று, வலது காதுக்கு அசரியா சார். பேசும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதிகம் தெரியாது. மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குக் கொடுத்த மிக்சரின் ஓம வாசனைதான் தெரியும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கதை வைத்திருந்தார். நகரிப் பக்கம் ஓர் ஊரில் ஜீப்பில் ஆள் வந்தால் நாங்கள் தெலுங்கு என்பார்களாம், மாட்டு வண்டியில் வந்தால் தமிழ் என்பார்களாம்.

"மோட்டார் சைக்கிள்ல வந்தா சார்?"

"தண்ணி வேணுமான்னு கேப்பாங்க."

தன் கதையையும் அப்படித்தான் சொன்னார், ஏதோ ஓர் ஊரின் சர்வே நம்பரைச் சொல்வதுபோல. சம்சாரம் ஞானசௌந்தரி தவறிப்போன வாரத்தில் ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் வந்ததாம். எந்த ராஜ்ஜியத்தில் வேலை பார்க்க விருப்பம்? சித்தூரில் எந்தத் தெருவிலும் கால் வைக்க முடியாமல் இருந்த வாரம் அது. மெட்ராஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து மாற்றிக் கேட்டதற்கு, எழுதியது எழுதியதுதான் என்று பதில் வந்தது. அந்த அம்மாவின் கல்லறை மிஷன் தோட்டத்தில் இருக்கிறது. பத்து வருஷத்துப் பராமரிப்புப் பணத்தை முன்கூட்டியே கட்டி ரசீது வாங்கிவிட்டார். ஒருத்தரிடத்திலும் எதிலும் பாக்கி வைக்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டில் வளர்த்த வளர்ப்பு.

எங்கள் இருவருக்கும் இடித்த இடம் அது ஒன்றுதான். சனிக்கிழமை சனிக்கிழமை மைலைக் கூட்டிப் பைசா சுத்தமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். நான் சில்லறையை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிவந்து கொடுப்பார். எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னோடு உறவை முறித்துக்கொண்டு, திங்கட்கிழமை புதிதாகத் தொடங்குகிற மனுஷன்.

அறுபதாம் வருஷம் மார்ச் முப்பத்தொன்றோடு அந்த வேலை முடிகிறது. ஏப்ரல் ஒன்றிலிருந்து அவர் அரக்கோணத்து ஆள். பிப்ரவரியிலிருந்தே எனக்கு ஒரே யோசனை. அவர் என்னிடம் ஏதாவது ஒரு பாக்கியை விட்டுவிட்டுப் போகவேண்டும். பெரிதாக வேண்டாம். ஒரு நாலணா. அரக்கோணத்தில் எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு, சித்தூரில் முனிரத்தினத்துக்கு நாலணா தரவேண்டும் என்று வருஷத்துக்கு ஒருமுறை அவருக்கு நினைப்பு வந்தால் போதும். அந்த நாலணாவை எப்படி அவர் தலையில் கட்டுவது என்றுதான் தெரியவில்லை. எத்தனையோ பேர் தலையில் அழுகல் வெல்லத்தைக் கட்டியவன் நான்.

மார்ச் இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. கடைசி ஊர் நல்லப்பகுப்பம். நகரி ஆற்றுக்கு அந்தப்பக்கம், மெட்ராஸுக்குப் போகிற ஊர். கர்ணத்திடம் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு அவர் அப்படியே ஏகாம்பரக்குப்பம் ஸ்டேஷனில் பன்னிரண்டு நாற்பது வண்டியைப் பிடிப்பதாக ஏற்பாடு. பெரிய பெட்டியை முந்தின நாளே ரயிலில் போட்டுவிட்டார். கையில் ஒரு பை. ஆற்றில் தண்ணீர் இல்லை, இரண்டு பர்லாங் வெறும் மணல். பாதி ஆற்றில் என்ஜின் கத்த ஆரம்பித்தது. கத்தக் கத்த வண்டி நின்றுகொண்டே போனது. எரிந்த நாற்றம். இறங்கித் தள்ளினோம். கரையேறி, ஊர் முதல் வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது மணி பத்து.

அந்த வண்டியில் என்ஜின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். நடுவில் கிளட்ச் என்கிற தரகன். அவன் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்தால்தான் வியாபாரம் நடக்கும். வட்டமான இரும்புப் பிளேட்டு, அதைச் சுற்றி ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு கார்க்கு, பாட்டிலை அடைக்கிற அதே தக்கைதான். அந்தக் கார்க்குகள்தான் பிடிமானம். மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளை எடுத்து, பிளேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரே ஒரு பிளேட்டில் பதினெட்டும் கருகி, காப்பித்தூள் மாதிரி உதிர்ந்தன. மற்றவை பரவாயில்லை.

டூல் பாக்ஸின் அடியில் ஒரு சிகரெட் டப்பா இருந்தது. அதில், மூர் மார்க்கெட்டில் ஒருவனைப் பாதி நாள் படுத்தி எடுத்துப் பேரம் பேசி வாங்கிய புத்தம்புதுக் கார்க்குகள். பதினெட்டு. எடுத்து மாட்டினால் ஒருமணி நேர வேலை. பன்னிரண்டு நாற்பது வண்டி தாராளமாகக் கிடைக்கும்.

"மாத்தறதுக்குக் கார்க்கு இல்ல சார்," என்றேன்.

பொய் எனக்குப் புதிதல்ல. எனக்கே கட்டாது என்று தினம் நாலு தடவை சொல்லி வளர்ந்தவன். ஆனால் என்ன லாபம் என்று தெரியாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான். அசரியா சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தன வேணும்?"

"பதினெட்டு."

"பதினெட்டு," என்றார் அவரும், ஏட்டில் சரி போடுகிற குரலில். "அடுத்த வண்டி?"

"ஆறு இருபதுக்கு ஒரு பாசஞ்சர் கீது சார்."

"அப்போ நேரம் இருக்குது. வாங்க, கேட்டுப் பாக்கலாம்."

கார்க்கு எங்கே கிடைக்கும்? சோடா பாட்டிலில் கோலி. மதுவிலக்கு வந்ததிலிருந்து வேறு பாட்டிலைக் கண்டவர் இல்லை, கண்டவர் சொல்வதில்லை. ஆனாலும் எந்த வீட்டிலும் விளக்கெண்ணெய்க்கோ மருந்துக்கோ ஒரு பாட்டில் இருக்கும், பாட்டிலுக்கு ஒரு கார்க்கு இருக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே ஊரில் இதே வாசல்களில் ஏறி இறங்கி வீட்டுக் கணக்கு எடுத்தவர் அசரியா சார். இப்போது அதே நோட்டுப் புத்தகத்தோடு மறுபடி ஏறினார். முதல் வீட்டில் வரட்டி தட்டிக்கொண்டிருந்த வெங்கடம்மா கையைக் கழுவாமலே கேட்டுக்கொண்டாள்.

"ஏமய்யா, போன தபா வந்து ஊட்ல இன்னா பாசை பேசறீங்கன்னு கேட்டீங்க. இப்போ பாட்டில் மூடியக் கேக்கறீங்க. அடுத்த தபா அடுப்புக்கல்லப் பேத்துக்கினு போவீங்களா?"

"திருப்பிக் குடுத்துடுவோம்மா. எழுதிக்கிறேன்."

"எழுதிக்கினு போனது எது திரும்பி வந்துகீது," என்றாள். ஆனாலும் உள்ளே போய் விளக்கெண்ணெய் பாட்டிலின் கார்க்கை எடுத்து வந்து கொடுத்து, பாட்டில் வாயில் கந்தலைச் சுருட்டி வைத்தாள். அவர் எழுதினார்: வெங்கடம்மா, ஒன்று, விளக்கெண்ணெய். அடுத்த வீட்டில் குழந்தை மருந்து பாட்டில். அதற்கடுத்த வீட்டில் மண்ணெண்ணெய். ஒரு வீட்டில் கார்க்கு என்றால் என்னவென்று தெலுங்கில் விளக்கி, தமிழில் பேரம் பேசி, கடைசியில் கையைக் காட்டி வாங்கினோம். ஊர்க்கோடியில் முனிசாமி என்பவன் எங்களைக் கண்டதும் பின்பக்கமாகப் போய்விட்டான். விஷயத்தை அவன் மனைவியிடம் சொல்லிவிட்டு நாங்கள் தெருமுனை தாண்டிய பிறகு பின்னாலேயே வந்து, வேட்டி மடியிலிருந்து ஆறு முதல்தரமான கார்க்குகளை எடுத்து நீட்டினான். மருந்து பாட்டில் சார் என்றான், யாரும் கேட்கவில்லை. அசரியா சார் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் எழுதினார்: முனிசாமி, ஆறு, மருந்து.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அடிக்கடி வலது கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டார். எனக்கு அப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் அவர் அடுத்த வீட்டுப் படியில் ஏறிவிட்டார்.

கர்ணத்திடம் காகிதக் கட்டையும் வாங்கிக்கொண்டு ஒருமணிக்கு வேப்பமரத்தடிக்குத் திரும்பினோம். பதினோரு வீடு, பதினேழு கார்க்கு. ஒன்று குறைந்தது. அவர் பையைத் திறந்து மிக்சர் பாட்டிலை எடுத்தார். இரண்டு வேளைக்கான மருந்து மிச்சம் இருந்தது. ஒரே மூச்சில் குடித்து, முகத்தைச் சுளித்து, கார்க்கைத் துண்டில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு நோட்டுப் புத்தகத்தில் பதினெட்டு என்று எண் போட்டார். பேனா அங்கேயே நின்றது. மூடியைத் திருகிப் பையில் வைத்துவிட்டார். மை தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெங்கடம்மாவின் அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீர் வைத்து, கார்க்குகளைப் போட்டு வேகவைத்தேன். வெந்தால்தான் இளகும். பேனாக்கத்தியால் சீவி, சூட்டோடு சூடாகக் கட்டை விரலால் ஓட்டையில் அழுத்தி ஏற்றவேண்டும். காய்ந்ததும் இறுக்கிக்கொள்ளும். அவர் எதிரில் உட்கார்ந்து கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அத்தனை மாதத்தில் நாங்கள் அப்படி எதிரெதிரே உட்கார்ந்தது குறைவு. பேச்சு வரவில்லை. வெங்கடம்மா கொடுத்த களியைத் தின்றபோதும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிளேட்டைத் திருப்பித் திருப்பித் துவைக்கிற கல்லில் தேய்த்து, துருத்திக்கொண்டிருந்த கார்க்குகளை ஒரே மட்டமாக்கினேன். அதற்கே மூன்று மணி ஆயிற்று. நான்கு நிமிஷத்தில் தேய்க்கவேண்டியதை அரைமணி தேய்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பிளேட்டை எண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் கேட்டார்.

"அரக்கோணத்துல மோட்டார் சைக்கிள் வெச்சிருக்கிறவங்க இருப்பாங்களா, முனிரத்தினம்?"

"அது ரயில் ஊரு சார். ரயிலே கீதே."

"ரயில்ல பேச முடியாது," என்றார். "எதிர்ல ஒக்காந்து மூஞ்சியப் பாக்கிறாங்க."

ஸ்பேனரை எடுத்தேன்.

ஐந்து மணிக்கு வண்டி ஓடியது. பாட்டில் கார்க்குகள் முதலில் கொஞ்சம் திணறி, பிறகு பிடித்துக்கொண்டன. மணலில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன், இழுத்தது. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவர் வழக்கம்போல என் காதுக்குப் பக்கத்தில் தலையை நீட்டினார். ஓம வாசனை மட்டும் வந்தது. பிளாட்பாரத்தில் பையைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தார். முப்பத்தெட்டு மைல். நாலு ரூபாய் ஐம்பத்தாறு நயா பைசா. எண்ணி நீட்டினார். நான் ரூபாய்களை எடுத்துக்கொண்டு சில்லறையை அவர் உள்ளங்கையிலேயே மூடினேன்.

"இது இருக்கட்டும் சார். அரக்கோணம் பக்கம் வந்தா வாங்கிக்கினு போறேன்."

"நீங்க வரமாட்டீங்க. நானும் வரமாட்டேன்," என்றார். என் சட்டைப்பையை விரலால் விரித்துச் சில்லறையைப் போட்டார். "இங்க ஒரு கையெழுத்து."

போட்டேன். ரயில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டே போனார்.

சித்தூருக்கு நான் ஒரே மூச்சில் திரும்பவில்லை. இரண்டு இடத்தில் நிறுத்தினேன். ஏதோ பின்னால் விழுந்துவிட்டது போலத் தோன்றி, இறங்கிப் பார்த்தேன். பின்சீட்டு இருந்தது, பம்பு இருந்தது, டூல் பாக்ஸு பூட்டியிருந்தது. உள்ளே அந்த டப்பா கலகலத்தது.

புதுக் கார்க்குகளை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. பாட்டில் கார்க்கு பத்து நாள் தாங்கினால் அதிகம் என்று நினைத்தேன். திருப்பதிக்கும் சித்தூருக்குமாக இரண்டரை மாதம் ஓடிவிட்டது. வெயிலில் கிளட்ச் சூடாகும்போது ஓம வாசனை வரும். எண்ணெயில் ஊறின கார்க்கில் என்ன வாசனை இருக்கப்போகிறது? எனக்குத்தான் வரும். திருப்பதி ரோட்டில் பாதி வழி தாண்டும்போது நாலைந்து தடவை தலையை வலதுபக்கம் சாய்த்து, "இன்னா சார்?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு மாங்காய் வண்டிக்காரன் பார்த்துவிட்டு, மிலிட்டரி வண்டியில் மிலிட்டரிப் பேய் என்று ஊரில் சொல்லிவைத்தான். அவருக்கு எழுதலாம் என்று இரண்டு தடவை கார்டு வாங்கினேன். சரக்கும் விலையும் இல்லாமல் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. இரண்டு கார்டிலும் வெல்ல ஆர்டர் எழுதினேன்.

ஜூன் நடுவில் ஒரு பழுப்பு உறை வந்தது, அரக்கோணம் முத்திரையோடு. உள்ளே இரண்டு தாள்கள். நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரிகூட இல்லை. முதல் தாள் நல்லப்பகுப்பத்துப் பட்டியல், நோட்டுப் புத்தகத்திலிருந்து முத்து முத்தாகப் பெயர்த்து எழுதியது. வெங்கடம்மா, ஒன்று, விளக்கெண்ணெய். முனிசாமி, ஆறு, மருந்து. பதினோரு பெயர். கூட்டல் பதினேழு. திருப்பிக் கொடுக்க வேண்டியவை என்று அடிக்கோடு. அதன்கீழே பதினெட்டு என்று எண் போட்டு, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

எதைத் திருப்பிக் கொடுப்பது, எங்கிருந்து கொடுப்பது என்று எரிச்சலோடு இரண்டாவது தாளைப் பிரித்தேன். கார்பன் நகல். கீழே என் கையெழுத்து, படிக்காமல் போட்டது. இங்கிலீஷ் எனக்கு மண்டி அளவுக்குத்தான் வரும். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஸ்பேனர் நாலு. பம்பு ஒன்று. பஞ்சர் சாமான். கயிறு. ஏழாவது வரி: சிகரெட் டப்பா ஒன்று, அதில் கார்க்கு பதினெட்டு. அந்த வரிக்குக் கீழே அவர் கோடு இழுக்கவில்லை, புள்ளி வைக்கவில்லை. மற்ற வரிகளைப் போலவே அதுவும் இருந்தது.

முதல் தாளை மறுபடி எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். நல்லப்பகுப்பத்தில் அன்று காலை பத்து மணிக்கு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எத்தனை வேணும் என்று கேட்டபோதே அவருக்குத் தெரியும். நான் இல்லை என்று சொன்ன டப்பாவைத் தன் கையால் திறந்து, எண்ணி, எழுதி, என்னிடமே கையெழுத்து வாங்கியவர். தெரிந்துகொண்டே அந்த வெயிலில் வயிற்றை அமுக்கிக்கொண்டு பதினோரு வீடு ஏறி இறங்கினார். கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அரைமணி நேரம் நான் கல்லில் சும்மா தேய்த்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நல்லப்பகுப்பம் போனேன். ஆற்றுக்கு இந்தப்பக்கம் புதிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள், எனக்கு ராஜ்ஜியம் முடிகிறது என்று. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தேன். மூர் மார்க்கெட் கார்க்கு, பாட்டில் வாய்க்குக் கொஞ்சம் பெரிசு, சீவிக் கொடுத்தேன். முனிசாமி ஆறையும் வாங்கி முகர்ந்து பார்த்து, இது அந்த மருந்துக்கு ஒத்துவராது என்றான். வெங்கடம்மா கந்தலைப் பிடுங்கிவிட்டுக் கார்க்கை வைத்து, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து ஒழுகவில்லை என்று கண்டுகொண்டாள்.

"கண்ணாடி சாரு எங்க?"

"அவரு ஒங்க ராஜ்ஜியத்துல கீறாரு. நான்தான் இப்போ வெளியூரு."

"அவரு மருந்தெல்லாம் குடிச்சிட்டுக் குடுத்தாரே ஒண்ணு," என்றாள். "அத்தக் குடுத்துட்டியா?"

வண்டியைக் கிளப்பினேன். ஊர் எல்லையில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடதுபக்கம் ஆற்று மணல், சித்தூர். வலதுபக்கம் போனால் அரக்கோணம், இருபத்தைந்து மைல். என்ஜினை அணைக்காமல் அங்கேயே நின்றேன். கொண்டுபோய்க் கொடுத்தால் அவரைப் பார்க்கலாம், ஆனால் கணக்கு தீர்ந்துபோகும். கொடுக்காமல் இருந்தால் கணக்கு இருக்கும். அவ்வளவுதான் இருக்கும். கிளட்சைப் பிடித்திருந்த இடது கை வலிக்கத் தொடங்கியது. என்ஜின் அதிர்வில் டூல் பாக்ஸுக்குள் டப்பா ஆடியது. இத்தனை நாள் கலகலவென்று கேட்ட சத்தம் போய், ஒற்றைக் கார்க்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருண்டு, முட்டி, திரும்பி உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பட்டியலைப் பெட்ரோல் டாங்கின் மேல் விரித்து, பதினெட்டாம் எண்ணுக்கு எதிரே அவர் விட்டிருந்த இடத்தைத் தொடாமல், அதன்கீழே பென்சிலால் எழுதினேன்.

வரவு பதினெட்டு. பட்டுவாடா பதினேழு. பாக்கி ஒன்று.